சின்னத்தையின் சுவர்கள்

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தோடு நின்றுபோனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட, ஏறக்குறைய 800 பேர் சுற்றிலும் தண்ணீராய்க் கிடந்த நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஊரான ஸ்ரீவைகுண்டத்தில் 60 சென்டிமீட்டருக்கு மேல். ரயில் நிலையம் தாமிரபரணி ஆற்றுக்குத் தென்புறம். வடகரையில், ஊருக்குள், எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது.

எதிர்வீட்டு அண்ணாச்சி போன் எடுத்தபோது மூன்றாவது நாளாகியிருந்தது. அதுவரை ஊரோடு தொடர்பே இல்லை. "தண்ணி பட்டாசலுக்குள்ள வந்துட்டும்மா. வடக்குச் சொவரு பள்ளையத் தள்ளிக்கிட்டு நிக்கி. ஆளு அனுப்பாத, நீயே வா" என்றார். 1992 நவம்பரில் அணைகள் திறந்து ஆறு பெருகியபோதும் எங்கள் வீட்டின் இரண்டாம் படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. அந்தப் படியின் பக்கவாட்டில் ஆச்சி ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தாள். "இதுக்கு மேல வந்தா ஊரு இருக்காது" என்பாள். வந்தது. ஊர் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு வெகு உயரத்தில், பட்டாசல் சுவரில், செம்மண் நிறத்தில் ஒரு புதுக் கோடு.

அந்த வீட்டைத் தாத்தா 1936இல் கட்டினார். கொழும்பில் ஜவுளிக் கடை வைத்துச் சம்பாதித்த காசு. தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் மறுநாள் கொழும்பு என்றிருந்த காலம். திருநெல்வேலிச் சீமையில் பாதித் தெருக்களில் அப்படி ஒரு கொழும்புக் காசு வீடாவது இருக்கும். தெருவைப் பார்த்த திண்ணை. திண்ணையைத் தாண்டினால் தார்சா. அதைத் தாண்டிப் பட்டாசல் என்னும் கூடம், அதன் ஒரு பக்கத்தில் சன்னலே இல்லாத அரங்குவீடு. அப்புறம் வெயிலும் மழையும் நேராக இறங்கும் வானவெளி. அதன் பின்னால் இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணறு, புறவாசல். தலைக்கு மேலே தட்டட்டி. முன்கட்டுக்குத் தேக்கு, பின்கட்டுக்குப் பனை. எங்கள் பக்கத்தில் வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தைக் கரையானும் சீக்கிரம் தொடாது.

வடகால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதைத் தட்டட்டியில் நின்றே சொல்லிவிடலாம். வயல்வெளிப் பக்கமிருந்து வரும் காற்றின் வாசனை மாறிவிடும். அணைக்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் இராத்திரி அடங்கிய பிறகு கேட்கும். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணிக்கு எங்கள் அணைக்கட்டுதான் கடைசி. அதற்கு மேல் ஏழு அணைக்கட்டுகள். எங்களுக்குக் கீழே ஆற்றுக்குக் கடல் மட்டும்தான் பாக்கி. கடைசியில் இருப்பவர்களுக்கு வறட்சியில் தண்ணீர் வந்து சேராது. வெள்ளத்தில் எல்லோருடைய தண்ணீரும் வந்து சேரும். இந்தக் கணக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பிசானத்துக்கு நடவு நடக்கும் மாதங்களில் கள்ளபிரான் கோயில் மணியும், நடவுக்குப் போகும் பெண்களின் பேச்சும், கைலாசநாதர் கோயில் பக்கமிருந்து வரும் பால்காரரின் சைக்கிள் மணியும் கலந்துதான் எங்களுக்கு விடியும்.

அந்த விடியலுக்கு முன்னால் எழுந்துவிடுகிறவள் சின்னத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. 1960இல் ஏரல் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஐந்து வருஷத்தில், பிள்ளையில்லாமல், கணவனை இழந்து திரும்பி வந்தாள். நான் அவளைப் பார்க்கத் தொடங்கியபோதே அவள் இரண்டாங்கட்டில்தான் இருந்தாள். மச்சுப் படிக்கட்டின் கீழே ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு தலையணை. அவ்வளவுதான் அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது. பட்டாசலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விருந்தாள் வந்தால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று குரல் மட்டும் கொடுப்பாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. இருக்கச் சொல்லியும் கேட்டதில்லை. "அண்ணன் சோத்துல கெடக்கேன்" என்று அவளே சொல்வாள். சொல்லும்போது குரலில் குறையும் இருக்காது, நிறைவும் இருக்காது.

மார்கழி கடைசியில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது அவள் பொறுப்பு. தூத்துக்குடியிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வரும். பெரிய மண்பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதிக்கும். எங்களை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் குச்சியால் கிண்டுவாள். ஆறியதும் சாக்குத் துணியில் வடிகட்டி, வடித்த கஞ்சி கொஞ்சம், நீலம் கொஞ்சம் சேர்ப்பாள். மட்டையை முக்கி, அரங்குவீட்டில் தொடங்குவாள். முன்கட்டுக்கு ஆள் வைத்து அடித்த வருஷங்கள் உண்டு. அரங்குவீட்டையும் இரண்டாங்கட்டையும் அவள் யாருக்கும் விட்டதில்லை. சுண்ணாம்பு பட்டு விரல் நுனிகள் வெடித்திருக்கும். பொங்கலன்று அந்த விரலோடுதான் எங்களுக்குக் கரும்பு நறுக்கிக் கொடுப்பாள்.

2009இல் அவள் இறந்தாள். அதன் பிறகு சித்தப்பாவும் சித்தியும் சில வருஷம் இருந்தார்கள். அவர்களும் போனபின் வீடு பூட்டிக்கொண்டது.

நான் போய்ப் பார்த்தபோது வெள்ளம் வடிந்து சேறு காய ஆரம்பித்திருந்தது. வானவெளியில் முழங்கால் உயரத்துக்கு வண்டல். கிணறு தூர்ந்திருந்தது. தொண்ணூறு வருஷத்தை நெருங்கிய கதவுகள் ஊறிப் பருத்து நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அடுக்களையில் ஆட்டுரல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. வடக்குச் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. தட்டட்டிக்குப் போகும் வழியில் ஓர் உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே மக்கி, இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

திருநெல்வேலியிலிருந்து பொறியாளர் ஒருவரை வரவழைத்தேன். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். "டீச்சர், இத நிமித்துற செலவுல புதுசாவே கட்டிரலாம். அஸ்திவாரத்துல சுண்ணாம்பு, செவத்துல மண்சாந்து. ஒரு கம்பி கிடையாது. இடிச்சிருவோம்." கடன் கேட்டுப் போன வங்கியில் கட்டடத்துக்கு மதிப்பே போடவில்லை. மனைக்கு மட்டும் ஒரு தொகை சொன்னார்கள். பட்டா யார் பெயரில் என்று கேட்டார்கள். பட்டா 1971இல் இறந்துபோன தாத்தாவின் பெயரில்தான் இருந்தது.

பழைய வீட்டைச் செப்பனிடுவதில் கஷ்டம் மரத்திலும் சுவரிலும் இருக்கிறது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். முதல் கஷ்டம் காகிதத்தில் இருக்கிறது. இறந்தவர் பெயரில் இருக்கும் வீட்டுக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். பங்காளிகள் ஒருவரும் காசு போடமாட்டார்கள். எவன் செலவழித்தாலும் நாளைக்கு எவனுக்குப் போகுமோ என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கும். அப்படியே ஒரு தலைமுறை பார்த்துக்கொண்டு நிற்க, அரச மரம் கைப்பிடிச் சுவரில் வேர்விட்டு வீட்டைப் பிளந்துவிடும். நம் ஊர்களில் மழையும் கரையானும் விழவைத்த வீடுகளைவிட, கையெழுத்து வராமல் விழுந்த வீடுகள் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அண்ணன் சென்னையில், பெரியப்பா மகன் கோயம்புத்தூரில், சித்தப்பா மகன் மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை இரவில் எல்லோரும் போனில் கூடினார்கள். விற்றுவிடலாம் என்பதில் ஆண்கள் மூவரும் ஒரே பேச்சாக இருந்தார்கள். "அத்தைமாருகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிட்டாப் போதும், அதெல்லாம் சம்பிரதாயத்துக்குத்தான்" என்றார் பெரியப்பா மகன். உயிரோடிருப்பது பெரியத்தை ஒருத்திதான், வயது எண்பத்தெட்டு, தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு அந்த வீட்டில் என்ன உண்டு என்று அந்தப் பேச்சில் யாரும் கேட்கவில்லை. தூத்துக்குடியில் ஒரு வழக்கறிஞரிடம் போய் நான் கேட்டேன்.

அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அன்று பேருந்தில் ஏறவே மனம் வரவில்லை. கடற்கரைச் சாலையில் வெகுநேரம் நடந்தேன். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் தன் கையால் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப்போனால், மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சமபங்கு. தாத்தா உயில் எழுதவில்லை. கொழும்புக் காசு அவர் தேடிய காசு. ஆக 1971இலேயே இரண்டு அத்தைகளும் அந்த வீட்டுக்குச் சம உடைமைக்காரிகள். ஆனால் அதே சட்டத்தில் 23ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் பங்கு கேட்க முடியாது. குடியிருக்கும் உரிமை மட்டும் உண்டு. அந்த உரிமையும் எல்லா மகள்களுக்கும் இல்லை. மணமாகாதவள், கணவன் கைவிட்டவள், கணவனைப் பிரிந்தவள், விதவை, இவர்களுக்கு மட்டும். 2005இல் வந்த திருத்தம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது.

சின்னத்தை விதவை. அந்தக் குறுகிய விதியின்படிகூட, பட்டாசலில் உட்காரவும் முன்கட்டில் படுக்கவும் அவளுக்கு உரிமை இருந்தது. தாத்தா கண்மூடிய நாளிலிருந்து, அண்ணன்மார் மூன்று பேருக்கும் அந்த வீட்டில் எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவு இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் தன் சொந்த வீட்டில், படிக்கட்டின் கீழே, அண்ணன் சோற்றில் கிடப்பதாக நினைத்துக்கொண்டு வாழ்ந்து செத்திருக்கிறாள். படித்தவர்கள் இருந்த வீடு அது. அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். யாருக்குமே தெரியாமல் இருந்திருக்குமா? இந்தக் கேள்வியைக் கேட்டு விடை வாங்க இப்போது அவர்கள் யாரும் இல்லை. ஆனால் வீடு இருக்கிறது. விற்கக்கூடாது என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

அண்ணனோடு நடந்த பேச்சுகளை எழுத எனக்கு விருப்பமில்லை. கோபித்தான், மாதக்கணக்கில் பேசாமலிருந்தான், பிறகு ஒரு நாள் தன் பங்குக்குப் பணம் அனுப்பினான். அவன் நல்லவன். மஸ்கட் தம்பி பணத்தோடு, "அக்கா, கிணத்தை மூடிராதீங்க" என்று ஒரு வரியும் அனுப்பினான். பெரியப்பா மகன் மட்டும் காசு போடவில்லை. கையெழுத்துக்கு மறுக்கவும் இல்லை.

வேலைக்கு ஆள் கிடைப்பது அடுத்த பாடு. சிமெண்டுப் பூச்சு தெரிந்த கொத்தனார் எத்தனை பேர் வேண்டுமானாலும் உண்டு. சுண்ணாம்பு தெரிந்தவர்? கோயில் திருப்பணிகளுக்குப் போய்வரும் ஒருவரைப் பற்றி ஆழ்வார்திருநகரியில் சொன்னார்கள். அறுபது வயது தாண்டியவர். வந்தவர் முதலில் எதையும் அளக்கவில்லை. கையில் ஒரு பூவரசங் கம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டே போனார். வடக்குச் சுவரில் சத்தம் பொள்ளலாக வந்தது. அரங்குவீட்டுச் சுவரில் கட்டியாக வந்தது. இரண்டுக்கும் ஒரே உயரத்துக்குத்தான் தண்ணீர் ஏறியிருந்தது.

முன்கட்டின் வடக்குச் சுவருக்கு 1980களில் பெரியப்பா சிமெண்டுப் பூச்சுப் போட்டிருந்தார். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வருஷா வருஷம் சுண்ணாம்படிக்கும் வேலை மிச்சம் என்று. மண்சாந்தில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. உள்ளே அடைந்த ஈரம் மண்சாந்தைக் கரைக்கும், உப்பைக் கிளப்பும், செங்கல் பொரிந்து மாவாய் உதிரும். வெளியே பார்த்தால் வழவழப்பான சுவர். உள்ளே ஒன்றும் இருக்காது. வெள்ளம் அதைக் கடைசியாக ஒரு தள்ளுத் தள்ளியிருக்கிறது.

"மத்த சொவரெல்லாம் சித்திரைக்குள்ள காஞ்சிரும் டீச்சர். இந்த ஒண்ணப் பிரிச்சுத்தான் கட்டணும். பழைய செங்கலையே போடுவோம், சீமெண்ட மட்டும் உள்ள விடாதிய" என்றார்.

காய்வதற்காகக் காத்திருந்தோம். கதவுகளைக் கழற்றி நிழலில் நிறுத்தி வைத்தோம். வெயிலில் வைத்தால் பிளந்துவிடும் என்று ஆசாரி விடவில்லை. ஆசாரி இளைஞர், அவர் அப்பாவிடம் கற்ற வேலை. உத்தரத்துக்கு இரும்பு ஜாக்கியால் முட்டுக் கொடுத்து, மக்கிப்போன முனையை அறுத்தெடுத்து, இடித்த வீட்டு மரம் விற்கும் கடையிலிருந்து வாங்கிய பழைய தேக்கை வாயிணைப்பு வெட்டிப் பொருத்தினார். புது மரம் வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். பச்சை மரம் காய்ந்து சுருங்கும்போது மேலே இருக்கிற பாரம் அசையும். எந்த ஊரில் எந்தக் குடும்பம் இடித்துத் தள்ளிய வீட்டின் தேக்கோ அது. ஒரு பக்கத்தில் தொட்டில் கயிறு தேய்ந்த பள்ளம் இருந்தது. அதை மேல்பக்கம் மறையும்படி திருப்பிவிடட்டுமா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம், தெரியட்டும் என்றேன்.

மணலுக்குத் திண்டாடினோம். தாமிரபரணியில் மணல் அள்ளக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டது ஆற்றுக்கு நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எம்-சாண்டைக் கொத்தனார் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு அவரே வானவெளிக்குப் போனார். வண்டலுக்கு அடியில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல் இருந்தது. அதை அள்ளி, தொட்டியில் போட்டு, சேறு போகப் பலமுறை அலசி, சலித்து, காயவைத்தார்கள். கொஞ்சம் செங்கல் தூளும் சேர்த்துக்கொண்டார்கள். சுவரைத் தள்ளிய ஆறே பூச்சுக்கு மணலும் கொடுத்தது.

சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டுப் பல வாரம் விட்டார். இன்னொரு தொட்டியில் இடித்த கடுக்காயும் உடன்குடிக் கருப்பட்டியும் ஊறின. தெருமுனையிலேயே அந்தப் புளித்த வாசனை அடிக்கும். கருப்பட்டித் தண்ணீர் சாந்தை இளக்கமாக வைத்து மெல்ல இறுகச் செய்யும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. அதற்கு நாளாகும், வருஷமாகும். அவசரப்பட்டவர்களுக்கு அது வேலை செய்யாது. வாரக் கூலியைக் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கியது உண்மை. பணி ஓய்வில் வந்த பணத்தில் நல்ல பங்கு அந்தக் குழிக்குள் போயிற்று.

தட்டட்டிதான் பெரிய வேலை. உத்தரங்களுக்கு மேலே ஒரு அங்குலக் கனத்துச் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலையிலிருந்து சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வருவார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. சாந்தின் பிடியில்தான் நிற்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் போட்டு, பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாட்கணக்கில் அடிக்க வேண்டும். கட்டை துள்ளி எழும்பும்வரை அடிக்க வேண்டும். கடைசியாகத் தட்டோடு பாவுவார்கள். வட இந்தியாவிலிருந்து வந்த பையன்கள் இரண்டு பேரும், ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேருமாக, இடிந்த பகுதியை மட்டும் இப்படி அடித்தார்கள். பெண்களில் வயது மூத்த ஒருத்திக்குத்தான் அந்தத் தாளம் தெரிந்திருந்தது. அவள் எண்ணிச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கை சேர்ந்தது.

மச்சில் தண்ணீர் ஏறாததால் தாத்தாவின் கணக்கு நோட்டுகள் தப்பியிருந்தன. 1936ஆம் வருஷத்து நோட்டில் வீட்டுச் செலவு முழுக்க இருக்கிறது. தலைமைக் கொத்தன் பெயர், ஆசாரிமார் பெயர், மரம் ஏற்றிவந்த வண்டிக்காரர் பெயர், ஒவ்வொருவருக்கும் கொடுத்த அணா பைசா, கிரகப்பிரவேசத்தன்று கொடுத்த வேட்டி. தளம் அடித்த நாட்களுக்கு நேரே "பெண்ணாள்" என்று போட்டு எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. ஆச்சிக்கு அவர்களில் சிலருடைய பெயர் தெரியும். அடுக்களையில் வேலை செய்துகொண்டே சொல்லியிருக்கிறாள். நான் குறித்துக்கொள்ளும் வயதில் இல்லை. இந்த முறை வேலை செய்த எல்லோருடைய பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, சின்னத்தையின் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவர்கள் அனுமதியில்லாமல் இங்கே எழுதுவது முறையில்லை.

அரங்குவீட்டுச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்த அன்று கொத்தனார் என்னைக் கூப்பிட்டார். வெள்ளம் தொட்ட இடத்தில் பழைய வெள்ளைப்பூச்சு பொருமி எழும்பியிருந்தது. கரண்டியை அடியில் கொடுத்து நெம்பினார். வாழைப்பட்டை உரிவதுபோல ஏடு ஏடாக வந்தது. ஒவ்வொரு ஏட்டிலும் நீலம் கொஞ்சம் கூடக்குறைய. சில ஏடுகள் கனமாக, சில காகிதம்போல மெல்லிசாக. சுண்ணாம்பு வாங்கக் காசு குறைவாக இருந்த வருஷங்களாக இருக்கலாம். ஓர் ஏட்டில் மட்டும் நீலமே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பொங்கல். ஒவ்வொன்றும் அவள் கை.

"இதுதான் இந்தச் சொவரக் காப்பாத்திருக்கு டீச்சர். உப்பெல்லாம் மேல இருக்க வெள்ளைக்கு வந்து வெள்ளையோட போயிருக்கு. செங்கல்லு கன்னி கழியாம இருக்கு பாருங்க. யாரு அடிச்சா?"

எங்க சின்னத்தை என்று சொன்னேன். மேற்கொண்டு பேச வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

முன்கட்டுக்கு ஆள் வைத்து வெள்ளையடித்தார்கள், அப்புறம் சிமெண்டு போட்டார்கள், அது சரிந்தது. யாரும் எட்டிப் பார்க்காத பின்கட்டையும் அரங்குவீட்டையும் தனக்கு உரிமை இல்லை என்று நம்பியிருந்த ஒருத்தி நாற்பது வருஷம் போல விடாமல் பார்த்துக்கொண்டாள், அது நின்றது. பொறியாளரை மறுபடி அழைத்துவந்து காட்டினேன். வெகுநேரம் தட்டிப் பார்த்தார். தன்னிடம் படிக்கும் மாணவர்களைக் கூட்டிவரலாமா என்று கேட்டார். வந்தார்கள்.

பெரியத்தையை ஆடி மாதம் அழைத்துவந்தோம். வாசற்படியில் கால் வைக்கவே அவளுக்குப் பயம், விழுந்துவிடுமோ என்று. உள்ளே வந்ததும் பட்டாசலில் நிற்காமல் நேராக இரண்டாங்கட்டுக்குப் போனாள். மச்சுப் படிக்கட்டின் கீழே நின்றாள். "இவ்வளவு எடத்துலயா எந் தங்கச்சி கெடந்தா?" என்றாள். அவளும் இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் விருந்தாளியாக முன்கட்டிலேயே இருந்துவிட்டுப் போனவள். அந்த இடத்தை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை.

விடுதலைப் பத்திரம் எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பித்தோம். பிள்ளையில்லாமல் இறந்த பெண்ணுக்குத் தகப்பன் வழியில் வந்த சொத்து கணவன் வீட்டுக்குப் போகாது, தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும் என்பது சட்டம். ஆகவே சின்னத்தையின் பங்கு எங்கள் எல்லோருக்கும் பிரிந்து வந்தது. அதைப் பிரித்துக்கொள்ள வேண்டாம் என்று நான் கேட்டேன். அரங்குவீடும் அதையொட்டிய அறையும் அவள் பங்காகவே இருக்கட்டும். குடும்பத்துப் பெண் யாருக்காவது தேவைப்பட்டால் வந்து இருக்கட்டும். அதை ஒரு குடும்ப உடன்படிக்கையாக எழுதிப் பதிந்துவிடலாம். மஸ்கட் தம்பி உடனே சரி என்றான். பெரியப்பா மகன் பதில் சொல்ல நாளெடுத்தார். அவர் மகள் பேசிய பிறகு சம்மதித்தார் என்று அறிந்தேன்.

பத்திர எழுத்தர் கைதேர்ந்தவர். வாசகத்தைத் தானே தயாரித்துக் கொண்டுவந்து வாசித்தார். குடும்பத்தில் பிறந்த, மணமாகாத, அல்லது கணவனால் கைவிடப்பட்ட, அல்லது கணவனைப் பிரிந்த, அல்லது கணவனை இழந்த பெண்கள் மேற்படி அறைகளில் தங்கும் உரிமை உடையவர்கள் என்று இருந்தது. வழக்கில் இல்லாமல் போன அந்தப் பழைய பிரிவின் வரிசை அவர் கைப்பழக்கத்தில் அப்படியே வந்து விழுந்திருந்தது.

பெரியத்தைக்குக் காது மந்தம். இரண்டாம் முறை சத்தமாக வாசிக்கச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அய்யா, அந்த நாலையும் அடிங்க" என்றாள்.

"எந்த நாலும்மா?"

"புருசன் செத்தவ, புருசன் விட்டவ, அதெல்லாம். அவ எதுக்கு வந்தான்னு நாம ஏன் கேக்கணும்? இந்த வீட்டுப் பொம்பளப்பிள்ள வந்தா கதவத் தொறக்கணும்னு எழுதுங்க. முன்கட்டுலயும் இருக்கலாம்னு எழுதுங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன், "அத்தை சொல்லுத மாதிரியே எழுதுங்க" என்றான். அடித்துத் திருத்தி எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். பெரியத்தை எழுத்துக்கூட்டித் தன் முழுப் பெயரையும், தகப்பன் பெயரையும் போட்டாள். வடக்குச் சுவருக்கு மேல்பூச்சு மட்டும் பாக்கி இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று கொத்தனார் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து நேராகச் சுண்ணாம்புக்குச் சொல்லப் போனோம்.